மில்லிமீட்டருக்கு அப்பால்: டாங்கிக் கவசத்தின் வலிமையை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி

2024 ஜனவரியில் கிழக்கு உக்ரைனின் ஸ்தெபோவே கிராமத்தருகே நடந்த ஒரு மோதலை உக்ரைன் படையின் ட்ரோன் மேலிருந்து படம்பிடித்தது. ரஷ்யாவின் டி-90எம் டாங்கி ஒன்றை உக்ரைனின் இரண்டு பிராட்லி கவச வண்டிகள் எதிர்கொள்கின்றன. பிராட்லியின் 25 மி.மீ. பீரங்கி டாங்கியோடு மோதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. டி-90எம்மின் முகப்புக் கவசத்தை அதன் குண்டுகள் எத்தனை முறை அடித்தாலும் துளைக்கமாட்டா. ஆனால் மிக அருகிலிருந்து மழையாகப் பொழிந்த அந்தக் குண்டுகள் டாங்கியின் பார்வைக் கருவிகளைச் சிதைத்தன. பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதியான டரட், கட்டுப்பாடிழந்து தானாகச் சுற்றத் தொடங்கியது. வண்டி மரத்தில் முட்டி நின்றது. கடைசியில் ஒரு ட்ரோன் வந்து அதைத் தாக்கியது. முகப்புத் தகடு துளைபடாமலே ஒரு நவீன டாங்கி போருக்கு உதவாததாகிவிட்டது.

இன்றைய எதிர்ப்பு ஆயுதங்களைக் கவசம் தாங்குமா என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் வருகின்றன. டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்பது ஒன்று. 1973 அக்டோபரில் சினாய் பாலைவனத்தில் எகிப்தியக் காலாட்படையின் ஏவுகணைகள் இஸ்ரேலிய டாங்கிகளை எரித்தபோது இது உரக்கச் சொல்லப்பட்டது. 2022இல் உக்ரைனில் மீண்டும் சொல்லப்பட்டது. தரமான கவசமிருந்தால் எதுவும் துளைக்காது, எரிந்தவையெல்லாம் மட்டமான டாங்கிகள் என்பது மற்றது. 1991 வளைகுடாப் போரின் நினைவிலிருந்து பிறந்த விடை இது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரு தரப்பாரும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: இத்தனை மில்லிமீட்டர் எஃகுக்குச் சமமான கவசம், இத்தனை மில்லிமீட்டர் துளைக்கும் குண்டு. எது பெரிதோ அது வெல்லும்.

அந்த அளவுகோல்தான் நம்மை வழிதவறச் செய்கிறது என்பது என் வாதம். அடி எங்கே விழுகிறது, எதனால் விழுகிறது, துளைத்தபின் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் கேள்வி பொருள்படும். மூன்றாவதே மிக முக்கியமானது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

தொடங்குமுன் சொல் பற்றி ஒரு குறிப்பு. நம் நாளிதழ்கள் டாங்கியையும் பீரங்கி என்றே எழுதிவிடுகின்றன. பீரங்கி சுடுகருவி. டாங்கி என்பது அந்தக் கருவியோடு மூன்று அல்லது நான்கு மனிதர்களையும், அவர்களின் காலடியிலோ முதுகுக்குப் பின்னாலோ நாற்பது குண்டுகளையும் ஏற்றிச் செல்லும் வண்டி. பீரங்கி என்ற சொல்லுக்குள் அந்த மனிதர்கள் இல்லை. ஆகவே இங்கே டாங்கி என்றே எழுதுகிறேன்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது

உருளைகளுக்கிடையே அழுத்தி உருட்டி, முழுத் தடிமனிலும் ஒரே சீரான கடினத்தோடு செய்யப்படும் கவச எஃகே இந்தக் கணக்கின் அடிப்படை. டாங்கிகள் வெறும் எஃகுத் தகடுகளால் ஆன காலத்தில் அது நேர்மையான அளவுகோலாக இருந்தது. 1941இல் ஜெர்மானியர் சந்தித்த சோவியத் டி-34இன் முன்தகடு 45 மி.மீ. தடிமன்தான். ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைக்கப்பட்டிருந்ததால், கிடைமட்டமாக வரும் குண்டு கடக்க வேண்டிய எஃகு இரட்டிப்பாகி 90 மி.மீ. ஆயிற்று. ஜெர்மானியக் காலாட்படையின் 37 மி.மீ. எதிர்ப்புப் பீரங்கிக்கு அதன் சொந்தப் படைவீரர்களே கதவுதட்டி என்று பெயர் வைத்தார்கள். தட்டும், திறக்காது.

இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் இந்தக் கணக்கு குலைந்தது. தோளில் தாங்கிச் சுடும் எளிய கருவிகளே டாங்கியின் தகட்டைத் துளைக்கத் தொடங்கின. அதன்பின் வந்த தலைமுறை வடிவமைப்பாளர்கள் கவசத்தின் மீதே நம்பிக்கை இழந்தார்கள். 1960களில் வந்த ஜெர்மனியின் லெப்பர்ட்-1, பிரான்சின் ஏஎம்எக்ஸ்-30 இரண்டும் மெல்லிய தகடு, நல்ல வேகம், வலுவான பீரங்கி என்ற கொள்கையில் பிறந்தவை. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் 1965 இறுதியில் ஆவடியிலிருந்து வெளிவரத் தொடங்கிய விஜயந்தாவும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே. ஏறத்தாழ 39 டன் எடை, 105 மி.மீ. பீரங்கி, 80 மி.மீ.க்கு மேற்படாத கவசம். எந்தத் தடிமனும் போதாது என்றால் தடிமனைச் சுமப்பானேன் என்பது அன்றைய தர்க்கம். அன்று கையிலிருந்த பொருள் எஃகு ஒன்றே என்பதை நினைத்தால் அது பிழையான தர்க்கமுமல்ல.

கம்பியும் தாரையும்

டாங்கியைத் துளைக்க இன்று வழக்கிலுள்ள வழிகள் முக்கியமாக இரண்டு. இரண்டும் இயற்பியலில் வெகுதூரம் விலகியவை; ஒரே எண்ணால் இரண்டையும் குறிப்பதில்தான் முதல் குழப்பம்.

ஒன்று நீள்கம்பிக் குண்டு. டாங்கியின் பீரங்கியிலிருந்து புறப்படுவது. டங்ஸ்டன் கலவையாலோ செறிவிழந்த யுரேனியத்தாலோ ஆன ஒல்லியான கம்பி, பின்புறம் அம்புக்கிருப்பது போன்ற சிறகுகள். குழலை விட்டு வெளியே வந்ததும் அதைச் சுற்றியிருந்த தாங்குறை கழன்று விழ, கம்பி மட்டும் நொடிக்கு 1,500 முதல் 1,800 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதில் வெடிமருந்து எதுவுமில்லை. அந்த வேகத்தில் மோதும்போது எஃகும் கம்பியும் கிட்டத்தட்டத் திரவங்களைப் போல நடந்துகொள்கின்றன: கம்பி முனையில் தேய்ந்துகொண்டே உள்ளே போகிறது, எஃகு விலகி வழிவிடுகிறது. ஆகவே எவ்வளவு ஆழம் போகும் என்பதைக் கம்பியின் நீளமும் இரு பொருள்களின் அடர்த்தி விகிதமும் தீர்மானிக்கின்றன. எஃகைப்போல இருமடங்குக்கும் மேல் அடர்த்தியுள்ள டங்ஸ்டன் கம்பி, கோட்பாட்டு எல்லையில், தன் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு துளைக்க வேண்டும். பீரங்கி தரக்கூடிய வேகத்தில் நடைமுறையில் அது துளைப்பது ஏறத்தாழத் தன் நீளத்தளவுதான். டி-34ஐக் காத்த சாய்வு இதன் முன் பெருமளவு பயனிழந்துவிட்டது. ஒல்லிக் கம்பி வழுக்கி விலகுவதில்லை. கவ்விக்கொண்டு உள்ளே திரும்புகிறது.

மற்றது குழிவெடி. வெடிமருந்தின் முன்புறம் கூம்பு வடிவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் மெல்லிய செம்பு உறை. பின்புறமிருந்து வெடி கிளம்பியதும் செம்புக் கூம்பு உள்நோக்கிக் குவிந்து, மெல்லிய தாரையாக நீண்டு பாய்கிறது. தாரையின் முனை வேகம் நொடிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வரை இருக்கும். வால்பகுதி அதைவிட மிக மெதுவாக வரும். இந்த வேக வேறுபாட்டால் தாரை பறக்கப் பறக்க நீள்கிறது, நீள்வதால் துளைக்கிறது, ஓரளவுக்கு மேல் நீண்டால் துண்டுதுண்டாக அறுந்து வலுவிழக்கிறது.

தமிழில் எழுதப்படும் பாதுகாப்புச் செய்திகளில் இந்தத் தாரை கவசத்தை உருக்கிக்கொண்டு போவதாகப் படிக்கிறோம். இந்த வகைக் குண்டுக்கு ஆங்கிலச் சுருக்கப்பெயர் ‘ஹீட்’. ஹை எக்ஸ்ப்ளோசிவ் ஆன்டி டாங்க் என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து தற்செயலாக வெப்பத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டன. கருத்துப்பிழைக்கு அதுவும் ஒரு காரணம். தாரையின் பெரும்பகுதி உருகிய செம்புகூட அல்ல. திடநிலையிலேயே, பல இலட்சம் வளிமண்டல அழுத்தத்தில், எஃகை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு அது செல்கிறது. இந்தத் திருத்தத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. உருக்கிச் செல்கிறது என்று நினைப்பவர் வெப்பந்தாங்கும் பொருளைத் தேடுவார். ஒதுக்கித் தள்ளுகிறது என்று அறிந்தவர் அந்த மெல்லிய தாரையின் நேர்கோட்டைக் குலைக்க வழி தேடுவார். கடந்த அறுபது ஆண்டுக் கவச ஆராய்ச்சி முழுவதும் இரண்டாவது வழியில் நடந்ததுதான்.

குழிவெடிக்கு வேகம் தேவையில்லை. கையால் எறிந்தாலும் ட்ரோனில் கட்டி விட்டாலும் அதன் தாரை அதே வேகத்தில்தான் பாயும். ஏழைப் படைகளின் ஆயுதமாக அது பரவியதற்கு இதுவே காரணம். நீள்கம்பிக்கோ ஐம்பது டன் வண்டியும் நீண்ட பீரங்கிக் குழலும் வேண்டும்.

அடுக்குகளின் காலம்

கவசத்தின் மறுபிறப்பு எஃகைத் தடிமனாக்கியதால் வரவில்லை, எஃகை விட்டு விலகியதால் வந்தது. சோவியத் டி-64இன் முன்சரிவில் 80 மி.மீ. எஃகு, 105 மி.மீ. கண்ணாடியிழைப் பிளாஸ்டிக், மீண்டும் 20 மி.மீ. எஃகு என்று மூன்றடுக்கு வைத்தார்கள். தொடக்ககால டி-72இலும் இதே அமைப்புதான். மொத்தம் 205 மி.மீ.; 68 பாகைச் சாய்வில் குண்டின் பாதை 547 மி.மீ. ஆகிறது. அதில் பாதிக்கு மேல் எஃகே இல்லை. கண்ணாடியிழை கம்பியை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் தன் எடைக்கு அதிகமாகவே தாரையைக் குலைக்கும். இந்த ஒரு கவசத்துக்கே இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன: கம்பிக்கு ஒன்று, தாரைக்கு மற்றொன்று. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிது. விளம்பரங்களில் வருவது எப்போதும் பெரிய எண்ணே.

பிரிட்டனின் சர்ரே மாவட்டத்தில் சோபம் என்ற இடத்திலிருந்த ஆய்வகத்தில் 1960களில் உருவாகி, 1976இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட சோபம் கவசம் அடுத்த பாய்ச்சல். பீங்கான், ரப்பர், எஃகு ஆகியவற்றின் பல்வேறு அடுக்குகள் இதன் வழித்தோன்றல்களில் இருக்கின்றன. 1985 வாக்கில் வந்த டி-72பி டரட்டின் கன்னத்துக்குள் எஃகுத் தகடுகளுக்கிடையே ரப்பர் வைத்து ஒட்டிய பலகைகள் வரிசையாக நிற்கின்றன. தாரை புகும்போது ரப்பர் அழுந்தி மீண்டு தகடுகளைப் புடைக்கச் செய்ய, அவை நகர்ந்து தாரையின் பக்கவாட்டில் மோதி அதை அறுக்கின்றன. தடுப்புச்சுவர் என்பதைவிட வெட்டும் கருவி என்பதே இதற்குப் பொருத்தம்.

அதே கருத்தை இன்னும் கடுமையாகச் செயல்படுத்துவது வெடிகவசம். ஜெர்மானிய ஆய்வாளர் மான்ஃப்ரெட் ஹெல்ட் இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். இரண்டு தகடுகளுக்கிடையே வெடிமருந்து. தாரை பட்டதும் அது வெடித்துத் தகடுகளை எதிரெதிர்த் திசையில் எறிய, தாரை சிதறுகிறது. 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய டாங்கிகள் இதை அணிந்து சென்றன. சோவியத்தின் கான்டாக்ட்-5 கனத்த தகடுகளை எறிந்து நீள்கம்பியையும் வளைக்க முயன்றது. பதிலுக்கு ஏவுகணைகளும் தோளிலிருந்து ஏவும் ராக்கெட்டுகளும் இரட்டை வெடிமுனை பெற்றன: முன்னால் ஒரு சிறு வெடி கவசப்பெட்டியை வெடிக்கச் செய்துவிட, பின்னால் வரும் பெரிய வெடி வெறுமையான தகட்டைச் சந்திக்கிறது. ரஷ்யாவின் ஆர்பிஜி-29, கார்னெட், அமெரிக்காவின் டோ-2ஏ, ஜாவலின் எல்லாம் இவ்வகை. இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து எழுதப்பட்ட நூல்கள் பல. ஆனால் இந்தப் போட்டி முழுவதும் டாங்கியின் முகத்தை ஒட்டியே நடந்தது.

பரப்பு, எடை, கூரை

தமிழர்க்குக் கவசம் என்றதும் நினைவுக்கு வருவது கந்த சஷ்டி கவசம். அதில் தலை முதல் கால்வரை உறுப்புறுப்பாகப் பெயர் சொல்லிக் காவல் வேண்டப்படுகிறது. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதே அந்தப் பாடலின் கவலை. டாங்கியின் கவசம் இதற்கு நேர்மாறு. முகத்துக்கு எல்லாம், மற்ற உறுப்புகளுக்கு மிச்சம்.

காரணம் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 100 மி.மீ. எஃகு வைத்தால் 785 கிலோ. டாங்கியின் மேல்புறப் பரப்பு, டரட்டின் கூரையும் சேர்த்து, 15 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூரைக்கு 100 மி.மீ. கூட்டினால் ஏறத்தாழ 12 டன். 500 மி.மீ. என்றால் 59 டன். அர்ஜுன் மார்க்-1 டாங்கியின் மொத்த எடையே 58.5 டன்தான். ஆகவே எல்லா நாட்டு வடிவமைப்பாளர்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: எதிரி பெரும்பாலும் எதிரிலிருந்து சுடுவான், முகப்பின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 பாகை, மொத்தம் 60 பாகைக் கோணத்துக்குள் கவசத்தைக் குவிப்போம். பக்கங்களுக்குச் சில பத்து மில்லிமீட்டர், கூரைக்கு அதனினும் குறைவு.

எதிரே நிற்கும் டாங்கி மட்டுமே எதிரி என்றால் இந்த முடிவு சரி. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நிலைமை அப்படி இருக்கவில்லை. பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அன்றைய இந்திய ஷெர்மன்களைவிடப் புதியவை, வலியவை. நீர் தேங்கிய வயல்களிலும் உயர்ந்து நின்ற கரும்பிலும் அவை சிக்கியபோது, மூன்று பக்கங்களிலும் மறைந்திருந்த இந்தியத் துப்பாக்கிகள் அவற்றை விலாவில் அடித்தன. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னதிர்வற்ற துப்பாக்கியால் பாட்டன்களை வீழ்த்தி அங்கேயே உயிர்துறந்த அப்துல் ஹமீதுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. பாட்டனின் முகப்புத் தடிமன் எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தக் கரும்புக் கொல்லையில் பொருளே இல்லை.

பிறகு, தற்செயலாகக் கிடைத்த இந்தக் கோணத்தை ஆயுதமே தேடிப்போகத் தொடங்கியது. ஸ்வீடனின் பில் ஏவுகணை 1980களின் இறுதியில் டாங்கிக்கு மேலாகப் பறந்து கீழ்நோக்கி வெடித்தது. 1996இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஜாவலின் உயரே ஏறிக் கூரைமீது பாய்கிறது. ஹைதராபாத்தில் உருவான இந்தியாவின் நாக் ஏவுகணையும் மேல்தாக்குதலுக்கானதே. கூரையில் ஐம்பது மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் பல நூறு மில்லிமீட்டர் துளைக்கும் வெடிமுனை இறங்கும்போது முகப்பில் ஆயிரம் இருந்தென்ன?

2022க்குப்பின் ட்ரோன்கள் இதை மலிவாக்கிவிட்டன. ட்ரோனில் கட்டப்படும் பழைய ஆர்பிஜி-7 வெடிமுனை துளைப்பது ஏறத்தாழ 300 மி.மீ.தான், நவீன டாங்கியின் முகத்தில் அது கீறல். ஆனால் அதை இயக்குபவர் திரையில் பார்த்துக்கொண்டே டரட்டுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை, எஞ்சின் மூடியை, திறந்திருக்கும் மேல்வாயைத் தேர்ந்தெடுக்கிறார். கூரைமேல் இரும்புக் கூண்டு கட்டுவது ஏளனத்துக்குள்ளானது. பிறகு இரு தரப்பும் கட்டின. 2024 ஏப்ரலில் ரஷ்யர்கள் டாங்கி முழுவதையும் தகரக் கொட்டகையால் மூடி ஓட்டிவந்தார்கள். அந்த வண்டிகளில் டரட்டைத் திருப்புவதே கடினம். பார்வையையும் சுடுதிறனையும் விலையாகக் கொடுத்து வாங்கிய கவசம் அது.

பறந்துவரும் குண்டை வழியிலேயே அடித்து வீழ்த்தும் இடைமறிப்பு அமைப்புகள் எடைச் சிக்கலுக்கு உண்மையான மாற்று. 1983இல் சோவியத் டி-55களில் பொருத்தப்பட்ட த்ரோஸ்த் இவற்றுள் மூத்தது. இஸ்ரேலின் ட்ரோஃபி 2011 மார்ச்சில் காஸா எல்லையருகே முதன்முறையாகப் போரில் ஒரு குண்டை வீழ்த்தியது. ஏவுகணைகளுக்கு எதிராக அதன் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் 2023 அக்டோபர் 7 அன்று ட்ரோஃபி பொருத்திய மெர்காவா டாங்கிமீது ஹமாஸ் ட்ரோன் ஒன்று மேலிருந்து குண்டு போட்டது. விரைந்து வருவதைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி, தலைக்கு நேர்மேலே மெல்ல வந்து நிற்பதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டு போர்கள், இரண்டு வகைச் சான்றுகள்

இங்கே சான்றுகளின் தரத்தையும் எடைபோட வேண்டும். கவசம் வெல்லும் என்பவர்கள் காட்டுவது 1991. ஈராக்கின் டி-72களோடு மோதிய அமெரிக்க எம்1ஏ1 ஆப்ராம்ஸ் டாங்கிகளில் அழிந்தவை ஒன்பது. அவற்றில் ஒன்றுகூட ஈராக்கியக் குண்டால் அழியவில்லை: ஏழு சொந்தத் தரப்பினர் தவறுதலாகச் சுட்டதால் அழிந்தவை; இரண்டு பழுதாகி நின்றபின் எதிரி கையில் சிக்காதிருக்க அமெரிக்கர்களே அழித்தவை. கவசத்தின் பெருமைக்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நான் இதை வேறாகப் படிக்கிறேன். ஈராக்கியர் சுட்டவை பெரும்பாலும் பழைய எஃகுக் கம்பிக் குண்டுகள். அந்தப் போர்க்களத்தில் ஆப்ராம்ஸ் தன் காலத்து நவீன ஆயுதங்களைச் சந்தித்தது சொந்தப் படையின் கையில் மட்டுமே. அந்தச் சந்திப்புகளில்தான் அது அழிந்தது. 1991 நமக்குச் சொல்வது புதிய தலைமுறைக் கவசம் பழைய தலைமுறைக் குண்டைத் தாங்கும் என்பதைத்தான்.

கவசம் தோற்றது என்பவர்கள் காட்டும் உக்ரைன் காணொளிகளுக்கும் இதேபோன்ற குறை உண்டு. ட்ரோன் தாக்குதலைப் படம்பிடிப்பவர் தாக்குபவர், வெளியிடுபவரும் அவரே. தவறிய தாக்குதல், பட்டும் பயனளிக்காத தாக்குதல், ஐந்து ட்ரோன்களை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிய டாங்கி எதுவும் அதே அளவில் நம் கைப்பேசிக்கு வந்துசேர்வதில்லை. 1991இன் சான்று எதிரியின் பலவீனத்தால் ஒருபக்கம் சாய்ந்தது. 2022இன் சான்று கேமரா யார் கையில் இருக்கிறது என்பதால் மறுபக்கம் சாய்கிறது.

துளைத்த பின்

கவசம் துளைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டாங்கி உடனே அழிந்துவிடுமா? இல்லை. தாரையோ கம்பியோ உள்ளே நுழையும்போது விரலளவுத் துளையும், அதனோடு உள்சுவரிலிருந்து பெயர்ந்து கூம்பாகச் சிதறும் எஃகுச் சில்லுகளுமே வருகின்றன. அந்தக் கூம்புக்குள் இருப்பவர் சாவார் அல்லது காயமுறுவார். வெளியே இருப்பவர் பிழைக்கலாம். சில்லுகளைப் பிடித்துக்கொள்ள உள்சுவரில் இழைத்துணி ஒட்டுவதால் அந்தக் கூம்பையே குறுக்க முடிகிறது. 2006இல் ஈராக்கின் அல்-அமாராவில் பிரிட்டனின் சேலஞ்சர்-2 முகப்பின் அடிப்பகுதியை ஆர்பிஜி-29 துளைத்தது. ஓட்டுநர் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். வண்டி தானே ஓடித் தன் முகாமுக்குத் திரும்பியது.

உக்ரைனில் நாம் கண்ட, டரட் பிய்ந்து வானில் பறக்கும் காட்சிக்குத் துளை காரணமல்ல. துளையின் பாதையில் இருந்த உந்துமருந்தே காரணம். டி-72இல் மூன்றே பேர். நான்காமவர் செய்யும் வேலையை, தரையில் வட்டமாக அடுக்கிய 22 குண்டுகளை எடுத்துக் கொடுக்கும் எந்திரம் செய்கிறது. ஆளைக் குறைத்ததால் வண்டி சிறிதாயிற்று. சிறிதானதால் 41 டன் எடையிலேயே முகப்புக்குக் கனத்த கவசம் கிடைத்தது. பொறியியலாகப் பார்த்தால் மிகச் சாமர்த்தியமான தீர்வு. அதன் விலை என்னவென்றால், வண்டித் தலைவரும் சுடுநரும் அந்த வட்டத்தின் நேர்மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். எந்திரத்தில் அடங்காத மீதிக் குண்டுகள் உள்ளே கிடைத்த இடங்களில் தடுப்பின்றி வைக்கப்படுகின்றன. இவை எந்திரத்திலுள்ளவற்றைவிட எளிதில் தீப்பற்றும். உந்துமருந்தின் உறையே எரியக்கூடிய பொருளால் ஆனது. ஒரு சில்லு போதும். தப்பிக்க நொடிகள்கூடக் கிடைப்பதில்லை.

ஆப்ராம்ஸின் குண்டுகளில் பெரும்பகுதி டரட்டின் பின்மாடத்தில், மனிதர்களிடமிருந்து கனத்த நகரும் கதவால் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாடத்தின் மேல்தகடுகள் வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்டவை. உள்ளே தீப்பிடித்தால் அவை பெயர்ந்து, அழுத்தம் வானத்தை நோக்கிப் போய்விடும். உக்ரைனுக்குக் கொடுக்கப்பட்ட 31 ஆப்ராம்ஸ்களில் பல ட்ரோன்களுக்கு இரையாயின. கூரையைப் பொறுத்தவரை அவற்றுக்கும் டி-72க்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு, உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓட முடிந்ததா என்பதில்தான்.

இதை மேற்கு, கிழக்கு என்று பிரித்துப் பார்ப்பதும் பிழை. லெப்பர்ட்-2இன் 42 குண்டுகளில் 15 மட்டுமே பாதுகாப்பான பின்மாடத்தில் இருக்கின்றன. 27 ஓட்டுநரின் பக்கத்தில், வண்டியின் உடலுக்குள். 2016 டிசம்பரில் சிரியாவின் அல்-பாபில் துருக்கியின் லெப்பர்ட்-2ஏ4கள் விலாவில் ஏவுகணை வாங்கியபோது, அவற்றில் டரட் பெயர்ந்து தனியே கிடந்ததையும் உலகம் கண்டது. முகப்புக் கவசத்தில் உலகின் முன்வரிசையில் வைக்கப்பட்ட டாங்கி அது. அடுக்கும் முறை டி-72ஐ ஒத்திருந்த இடத்தில் முடிவும் அதை ஒத்திருந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை: முகப்பின் எண்ணிலும் பிறந்த நாட்டிலும் வேறுபட்ட இரு டாங்கிகள், குண்டு வைக்கும் இடத்தில் ஒன்றுபட்டதால் ஒரே மாதிரி எரிந்தன.

ஆவடியின் இரண்டு விடைகள்

ஆளைக் குறைத்து எடையைக் குறைப்பது, எடை கூடினாலும் குண்டுகளை மனிதர்களிடமிருந்து பிரிப்பது என்ற இரண்டு சிந்தனைகளும் சென்னைக்கு மேற்கே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவெடுத்திருக்கின்றன. ரஷ்ய உரிமத்தில் டி-72உம் டி-90உம் அங்கே தயாராயின. இந்தியப் படையின் டாங்கிகளில் மிகப் பெரும்பான்மை அவைதான். அங்கேயே, அருகிலுள்ள போர் வாகன ஆய்வகத்தின் வடிவமைப்பில், 1974இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் விளைவாக அர்ஜுனும் தயாராகிறது. ஹைதராபாத்தின் காஞ்சன் பாக்கில் உள்ள உலோகவியல் ஆய்வகம் உருவாக்கியதால் அதன் கலப்புக் கவசத்துக்குக் காஞ்சன் என்று பெயர். அதன் அடுக்கமைப்பு, எல்லா நாட்டுக் கலப்புக் கவசங்களையும் போல, இரகசியம்.

அர்ஜுனைப் பற்றி நடந்த நீண்ட விவாதம் அதன் எடையைச் சுற்றியே நடந்தது. மார்க்-1 58.5 டன், மார்க்-1ஏ 68 டன். பஞ்சாபின் பாலங்கள் தாங்குமா, ரயிலில் ஏற்ற முடியுமா என்ற கேள்விகள் நியாயமானவை. படையால் அவற்றை ஒதுக்கித்தள்ள முடியாது. ஆனால் அந்த எடை எங்கே செலவாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. அர்ஜுனில் நான்கு பேர். நான்காமவருக்கு இடம் வேண்டும். இடம் கூடினால் கவசத்தால் மூட வேண்டிய பரப்பும் கூடும். மார்க்-1ஏவில் குண்டுகள் தனித்தனி மூடியுள்ள அறைகளில் அடைக்கப்படுகின்றன. ஒன்று எரிந்தால் தீ பக்கத்து அறைக்குத் தாவாமலிருக்க இந்த ஏற்பாடு. அந்த டன்களில் ஒரு பங்கு உள்ளிருப்பவர்கள் உயிரோடு வெளியேறுவதற்கான விலை. டி-72ஐயும் அர்ஜுனையும் பாலத்தின் தாங்குதிறனை வைத்து மட்டும் ஒப்பிடும்போது இந்த விலையைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோம். கிராமங்களிலிருந்து படையில் சேர்ந்து அந்த வட்டத்தின்மேல் உட்காரும் இளைஞர்களை நினைத்தால், இந்த விடுபாட்டைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இதை அர்ஜுனுக்கான வக்காலத்தாகக் கொள்ள வேண்டாம். 2021இல் 118 மார்க்-1ஏ டாங்கிகளுக்கு ஆணை தரப்பட்டபோது உலகம் இன்னும் உக்ரைனைப் பார்த்திருக்கவில்லை. 68 டன்னில் பெரும்பங்கு இன்றும் முகத்தில்தான் இருக்கிறது. மேலிருந்து விழும் மலிவான வெடிமுனைக்கு முன் அர்ஜுனின் கூரை மற்ற டாங்கிகளின் கூரையைப் போன்றதே.

டி-72களுக்கு மாற்றாக எதிர்காலப் போர் வாகனம் ஒன்றை வாங்கும் திட்டத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் குழு 2024 செப்டம்பரில் தொடக்க ஒப்புதல் தந்தது. அதற்கான தேவைப் பட்டியலில் முகப்புக் கவசம் இத்தனை மில்லிமீட்டருக்குச் சமம் என்ற வரி கட்டாயம் இருக்கும். குண்டறைக்கும் மனிதருக்கும் நடுவே என்ன இருக்கிறது, அந்த அறை எரியத் தொடங்கினால் மேல்வாயைத் திறந்து இறங்க எத்தனை நொடி கிடைக்கும், கூரைமேல் விழுவதை யார் பார்ப்பார், எது தடுக்கும் என்பவை அந்த வரிக்கு முன்னால் எழுதப்பட வேண்டியவை. அந்த நொடிகளைக் காகிதத்தில் மதிப்பிட வேண்டியதில்லை. சோதனைத் திடலில் ஒரு வண்டியின் குண்டறைக்கு உண்மையாகவே தீ வைத்து, கடிகாரம் பார்த்து அளந்துவிடலாம்.